தண்டியடிகள் கட்டிய கயிறு

பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, வெறும் காரோடு வீடு திரும்பும் நாள், அமெரிக்காவில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் மறக்க முடியாத நாள். அரிசியும் ஊறுகாயும் பருப்புப்பொடி டப்பாவும் அறையில் இறக்கியாகிவிடும். சிறிய பிள்ளையார் படம் ஒன்று மேஜைமேல் இடம் பிடித்துவிடும். தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தந்தை கார் சாவியைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பிள்ளை சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பிள்ளையானால், அல்லது கண் தெரியாத, காது கேளாத பிள்ளையானால், அந்தக் குடும்பத்தின் கவலை எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எனினும் கோயில் வட்டாரங்களில் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்பு இல்லாததால் அல்ல. என்ன பேசுவது என்று தெரியாததால்தான்.

பேச்சைத் தண்டியடிகள் நாயனாரிடமிருந்து தொடங்கலாம். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர் அவர். திருக்கோயிலின் மேற்குப் பக்கத்துக் குளம் இடம் குறைந்து தூர்ந்துபோனதை அறிந்து, அதைத் தோண்டிப் பெருக்க வேண்டும் என்று நினைத்தார். பார்வை இல்லாதவர் குளம் வெட்டுவது எப்படி? குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். அதே கயிற்றைப் பற்றிக்கொண்டு கரையேறிக் கொட்டுவார். பரிகாசம் செய்தவர்கள் உண்டு. கருவிகளைப் பிடுங்கியவர்களும் உண்டு. முடிவில் இறைவன் அருளால் அவர் கண் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்லும்.

கதாகாலட்சேபத்தில் கண் பெற்ற கட்டத்தைத்தான் விஸ்தாரமாகச் சொல்வார்கள். ஆனால் அவர் குளம் வெட்டத் தொடங்கியது கண் பெறுவதற்கு முன்னால். அப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு. எந்த இடத்தில் கம்பு நட வேண்டும், எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். குளத்தை வெட்டியதும் அவரேதான்.

இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தக் கயிற்றுக்கு 'அக்காமடேஷன்' என்று பெயர். கை நடுங்கும் மாணவருக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம்; காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர், அல்லது பேராசிரியர் பேசப் பேச எழுத்தாக ஓடும் திரை; கண் தெரியாதவருக்குக் கணினி வாய்விட்டுப் படிக்கும்படி அமைத்த பாடப்புத்தகம்; எழுத முடியாதவருக்கு வகுப்புக் குறிப்பு எடுத்துத்தர இன்னொரு மாணவர். கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். தேர்வு பெற வேண்டிய மதிப்பெண்ணும் ஒன்றுதான். குளத்தை மாணவரே வெட்டியாக வேண்டும்.

பனி கொட்டும் ஒரு வட மாநிலத்தில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். அவளுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். ஆங்கிலத்தில் செரிபிரல் பால்சி என்பார்கள். அவளுடைய தசைகள் மூளை இட்ட கட்டளையை நேராகக் கேட்பதில்லை. கைகள் இழுத்துக்கொள்ளும். பேச்சு மெதுவாக, சற்றுக் குழறி வரும். ஆனால் அறிவில் யாதொரு குறையும் இல்லை. பள்ளியில் கணக்கில் முதல் வரிசையில் நின்றவள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். மின்சாரச் சக்கர நாற்காலியை வலக்கையின் இரண்டு விரலால் ஓட்டுகிறாள்.

பள்ளிப் பருவம் முழுவதும் அவளுடைய வாய் அவள் தாயாகத்தான் இருந்தது. அதற்குச் சட்டமும் இடம் கொடுத்தது. 1975-ல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கல்விச் சட்டம், உடலிலோ மனவளர்ச்சியிலோ குறையுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளி நிர்வாகத்தின்மேல் வைத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுத வேண்டும். ஆண்டுதோறும் பெற்றோரையும் உட்கார வைத்து அதைப் பரிசீலிக்க வேண்டும். அந்தத் தாய் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. கோப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய், ஆசிரியர்களோடு வாதாடி, பெண்ணுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்தாள்.

கல்லூரி வாசலில் அந்தத் திட்டம் முடிந்துவிடுகிறது. இதைப் பல பெற்றோர் முன்கூட்டி அறிவதில்லை. கல்லூரியில் செல்லுபடியாவது வேறு சட்டங்கள்: 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் உள்ள 504-ஆம் பிரிவும், 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும். தகுதி பெற்ற மாணவரை உடற்குறையைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது, நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று இவை சொல்கின்றன. ஆனால் கல்லூரி யாரையும் தேடிவந்து விசாரிக்காது. மாணவர் தாமே அதற்கென உள்ள அலுவலகத்துக்குப் போய், தம் நிலைமையைச் சொல்லி, மருத்துவச் சான்று காட்டி, இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் கிடைக்காது. கல்விப் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் அந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. ஆகவே மாணவர் எழுத்தில் சம்மதம் தராமல் அவருடைய விஷயத்தைத் தாய் தந்தையரிடம் பேசக் கல்லூரி அலுவலர்கள் பொதுவாக இசைவதில்லை.

அந்தப் பெண் முதன்முதலாக அலுவலகத்துக்குப் போனபோது தாயும் கூடப் போனாள். வகுப்பில் குறிப்பெடுக்க என்ன செய்வதாக உத்தேசம் என்று அதிகாரி கேட்டார். கேட்டது பெண்ணை, பதில் சொன்னது தாய். அதிகாரி புன்னகை மாறாமல் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் தாய் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டாவது தடவை பெண் தமிழில் சொன்னாள்: "அம்மா, நான் சொல்லிக்கறேன்."

திரும்பி வரும்போது காரில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு தாய் கேட்டாள்: "பதினெட்டு வருஷம் உனக்காகப் பேசினேன். இனிமே நான் வேண்டாமா?"

"நீ வேணும்மா. எனக்குப் பதிலா பேசறதுக்குத்தான் வேண்டாம்."

அந்தத் தாய்க்கு அன்றிரவு தூக்கமில்லை. மகள் சொன்னது நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது; மனசு ஒப்பவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் இந்த நாட்டில் உடற்குறை உள்ள மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைந்த வரலாற்றைப் பார்த்தால், அந்தப் பெண் புதிதாக எதுவும் கேட்டுவிடவில்லை என்பது புரியும்.

எட் ராபர்ட்ஸ் என்பவர் 1939-ல் கலிபோர்னியாவில் பிறந்தார். 14-ஆம் வயதில், 1953-ல், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. போலியோத் தடுப்பூசி பொதுமக்களுக்கு வந்தது 1955-ல். இரண்டே வருஷம் முந்திக்கொண்டது நோய். கழுத்துக்குக் கீழே, இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் தவிர, ஏறக்குறைய எதுவும் அசையவில்லை. மூச்சு விடுவதற்கே இரும்பு நுரையீரல் என்னும் பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுத்திருக்க வேண்டும். பிழைத்தாலும் காய்கறிபோல்தான் கிடப்பான் என்று மருத்துவர் சொன்னாராம். பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: காய்கறி ஆவதுதான் விதியென்றால், தாம் ஆர்ட்டிசோக் ஆகிவிடுவதாக முடிவு செய்தாராம். அது வெளியே முள்ளும் உள்ளே மென்மையான இதயமும் கொண்ட காய். தமிழராய்ப் பிறந்திருந்தால் பலாப்பழம் என்றிருப்பார்.

அவருடைய தாய் ஸோனா. மகன் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பு வழியாக உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் படித்து முடித்தான். தேகப்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று சொல்லி அவனுக்குப் பட்டயம் தர மறுத்தார்கள்! ஸோனா பள்ளிக் குழுவினரிடம் போராடி அதை வாங்கினார். அதன்பின் ராபர்ட்ஸ் தம் வீட்டுக்கு அருகில் இருந்த இரண்டாண்டுக் கல்லூரியில் படித்தார். பிறகு பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார். மாநில மறுவாழ்வுத் துறை, இவர் வேலை பார்க்கும் அளவுக்குத் தேறமாட்டார் என்று சொல்லிப் பண உதவியை மறுத்தது. பத்திரிகைகளில் செய்தி வந்து பலரும் கேட்ட பிறகே அந்த முடிவு மாறியது. 1962-ல் பெர்க்லியில் சேர்ந்தார். அவருடைய இரும்பு நுரையீரல் 800 பவுண்டு எடை. மாணவர் விடுதிகளில் அதை வைக்க இயலாது. ஆகவே வளாகத்தில் இருந்த கவல் ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியில் அவருக்கு அறை கொடுத்தார்கள். இரவில் இயந்திரத்துக்குள் தூங்குவார். பகலில் சக்கர நாற்காலியில் வகுப்புக்குப் போவார். உதவியாளர்கள்தாம் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவரைப் பார்த்து ஜான் ஹெஸ்லர் முதலான வேறு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். 'உருளும் குவாட்கள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கைகால் நான்கும் முடங்கியவர்களை மருத்துவர்கள் சுருக்கமாகக் குவாட் என்பார்கள். இவர்கள் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. தங்களுக்கு என்ன தேவை என்பதை ஆஸ்பத்திரியோ, மாநில அலுவலரோ, பெற்றோரோ தீர்மானித்தால் வாழ்க்கை நோயாளியின் வாழ்க்கையாகவே இருக்கிறது. தாங்களே உதவியாளரைத் தேர்ந்து, பழக்கி, சரிவராதவரை மாற்றிக்கொள்ளவும் முடிந்தால் அது மாணவரின் வாழ்க்கை ஆகிறது.

1970-ல் பெர்க்லியில் இந்த மாணவர்கள் முன்னின்று ஓர் உதவி அலுவலகம் தொடங்கினார்கள். அது செய்த காரியங்கள் சாமானியமானவை: உதவியாளர் வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது, படியில்லாத வாடகை வீடு தேடுவது, சக்கர நாற்காலியைப் பழுதுபார்ப்பது. நாற்காலி உடைந்தால் அதில் அமர்ந்திருப்பவரின் காலே உடைந்த மாதிரி என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! 1972-ல் அதே கருத்தில் ஊர் மக்களுக்காகச் சுதந்தர வாழ்க்கை மையம் ஒன்று பெர்க்லியில் பிறந்தது. இவர்கள்தாம் முதல்வர்கள் என்று சொல்லிவிட முடியாது. யுத்தத்தில் காயமுற்றவர்களுக்காக இல்லினாய் பல்கலைக்கழகம் 1948-லேயே ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. ஆயினும் மாணவரே தம் தேவையை நிர்ணயிப்பது என்ற வழக்கம் வலுப்பெற்றது பெர்க்லியில்தான்.

சட்டமும் தானாக வந்துவிடவில்லை. 504-ஆம் பிரிவு 1973-லேயே எழுதப்பட்டும், அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் அரசாங்கம் கையெழுத்திடாமல் காலம் கடத்தியது. 1977 ஏப்ரலில், ஜூடித் ஹியூமன் உள்ளிட்ட தலைவர்களோடு நூற்றுக்கு மேற்பட்டோர் சான்பிரான்சிஸ்கோ மத்திய அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், கண் தெரியாதவர்களும், காது கேளாதவர்களும் மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே இரவைக் கழித்தார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி விதிகள் கையெழுத்தாயின. இதற்கிடையில் எட் ராபர்ட்ஸ், எந்த மறுவாழ்வுத் துறை தம்மைத் தேறாதவர் என்று தள்ளியதோ அந்தத் துறைக்கே 1970-களின் நடுவில் தலைவர் ஆகியிருந்தார். 1995-ல் காலமானார். ஆட்சியில் அமர்ந்திருப்பவரைவிட நாற்காலியில் அமர்ந்திருப்பவர் நீண்ட தூரம் போகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

இத்தனை பேர் போராடியும் அந்தத் தமிழ்ப் பெண்ணின் அன்றாடம் இலேசானது அல்ல. காலை 6 மணிக்கு உதவியாளர் வர வேண்டும். குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற சொந்தக் காரியங்களுக்கு ஆள் தருவது கல்லூரியின் கடமை அல்ல என்பது சட்டம். மெடிகெய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் மூலம் மாநிலம் இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுப் பணம் தருகிறது. ஆளைத் தேடுவது அவள் பொறுப்பு. இரண்டு சக மாணவிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள். ஒருத்தி அயர்ந்து தூங்கிவிட்டால், இவள் படுக்கையில் விழித்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரவில் நாற்காலியின் மின்கலம் ஏறியிருக்க வேண்டும். செருகி கழன்றிருந்தால் அன்றைய பொழுது போயிற்று. மற்றவர்கள் அரை மணியில் கிளம்பும் இடத்தில் இவளுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை. சாலையைத் துப்புரவு செய்யும் வண்டி, பனியை ஒதுக்கி நடைபாதையின் சரிவிலேயே குவித்துவிட்டுப் போய்விடும். நடப்பவர்கள் தாண்டிவிடுவார்கள். சக்கரம் தாண்டாது. வகுப்புக் கட்டடத்துக்குச் சாய்தளம் உண்டு. அது பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைக் கடந்து. லிஃப்ட் பழுதானால் மூன்றாம் மாடி வகுப்பு எட்டாத உயரம். அவள் நாற்காலி நுழையும் கழிப்பறை பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. ஆகவே காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். இதை அவள் தாயிடம்கூட நெடுநாள் சொல்லவில்லை. பிறகு அலுவலகத்தில் சொன்னாள். பல்கலைக்கழகத்துக் கட்டடங்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் அவளுடைய வகுப்பை வேறு கட்டடத்துக்கு மாற்ற முடிந்தது. மாற்றினார்கள். கேட்டதால் கிடைத்தது.

ஒவ்வொரு செமஸ்டரும் ஒவ்வொரு பேராசிரியருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். அதில் நோயின் பெயர் இருக்காது. செய்ய வேண்டிய வசதி மட்டும் இருக்கும். பரீட்சைக்கு இரட்டை நேரம் என்றும், தனி அறை என்றும், கணினியில் விடை எழுத அனுமதி என்றும் இவள் கடிதத்தில் இருக்கிறது. "உனக்கென்ன, அதிர்ஷ்டக்காரி, ஆறு மணி நேரம்!" என்றாள் ஒரு தோழி. அவள் சிரித்துக்கொண்டே, ஒரு கேள்விக்கு விடையை அவள் கண் முன்னால் தட்டெழுதிக் காட்டினாள். தோழி இரண்டு நிமிஷத்தில் எழுதியது இவளுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. தோழி அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குழு வேலையில் இவள் பேசத் தொடங்கினால், நல்ல மனசோடு மற்றவர்கள் அவள் வாக்கியத்தை முடித்துவைக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தவறாகத்தான் முடிப்பார்கள். அவளும் முதலிலிருந்து தொடங்குவாள். பொறுமை என்பது அவளுக்குக் குணம் அல்ல, தொழில்.

இவளுடைய குறையாவது பார்த்தவுடன் தெரிகிறது. தெரியாத குறைகள் எத்தனையோ! எழுத்துகள் கலைந்து தோன்றும் டிஸ்லெக்ஸியா, கவனம் நிலைக்காமை, மனச்சோர்வு, ஒரு காது மட்டும் கேளாமை, சர்க்கரை நோய், வலிப்பு. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவரப்படி 2019-20 கல்வியாண்டில் இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு குறை தமக்கு உண்டு என்று சொன்னார்கள். ஆனால் இப்படிப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கல்லூரிக்குத் தெரிவிப்பதே இல்லை என்று அதே அரசின் ஆய்வுகள் சொல்கின்றன. தமிழ்க் குடும்பங்களில் இந்த மௌனத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கல்யாணச் சந்தையில் பேச்சு வரும் என்ற பயம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி. மாத்திரையை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. பையனுக்கு மனச்சோர்வு என்பதை மறைத்து, படிப்பில் அக்கறை இல்லை என்று ஏசும் வீடுகளும் உண்டு. மகன் கேட்க வேண்டிய கயிற்றைக் கேட்க விடாமல் செய்துவிட்டு, அவன் குளத்தில் தடுமாறுவதைப் பார்த்து வருந்துவதில் என்ன பயன்?

போன ஜன்மத்து வினை என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. எட்டுக் கோணல் உடலோடு பிறந்த அஷ்டாவக்ரர் ஜனகரின் சபையில் வந்தி என்னும் பண்டிதனை வாதில் வென்றதும் அதே இதிகாசங்களில்தான் இருக்கிறது. முடமோசியார் என்றும் ஐயூர் முடவனார் என்றும் பெயர் தாங்கிய புலவர்களின் பாடல்களைச் சங்கத்தார் தொகுத்துத்தான் வைத்தார்கள். பாடலைப் பார்த்தார்களே அல்லாமல் காலைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கான வேனுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். வேன் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பின்னாக வரும். தீபாராதனை அதற்காகக் காத்திருக்காது. வந்தால் முன்வாசலில் படி. நான்கு இளைஞர்கள் ஓடிவந்து நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் மின்சார நாற்காலி 300 பவுண்டுக்கு மேல் கனக்கும். ஒருவர் கை நழுவினால் என்ன ஆகும் என்ற பயத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பார்ப்பவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். சக்கரத்தோடு மண்டபத்துக்குள் வரலாமா என்று ஒருவர் முணுமுணுப்பார். பிரசாதம் வழங்கும் கூடமோ கீழ்த்தளத்தில். யாராவது தட்டில் எடுத்துவந்து தாயிடம் கொடுத்து, "இவ என்ன சாப்பிடுவா?" என்று கேட்பார்கள். ஒருநாள் அவளே நிமிர்ந்து, "மாமி, எனக்குப் புளியோதரைன்னா உயிர்," என்றாள். மாமி ஒரு கணம் திகைத்துப்போய், அப்புறம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வரும் வெள்ளிக்கிழமைகளில் மாமியின் டப்பா தவறாமல் வருகிறது.

அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடைகளையும் ஓட்டல்களையும் சினிமாக் கொட்டகைகளையும் கட்டுப்படுத்தும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. உள்ளூர்க் கட்டட விதிகள் சிலவற்றைக் கேட்கலாம். மற்றபடி கோயிலில் சாய்தளம் இல்லை என்று அந்தச் சட்டத்தைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது. பல்பொருள் கடைக்குள் தடையின்றிப் போகும் பெண், கடவுள் சந்நிதிக்கு மட்டும் பிறர் தோளில்தான் வர வேண்டும் என்றிருப்பது சட்டத்துக்கு ஏற்றதாக இருக்கலாம். தர்மத்துக்கு ஏற்றது அல்ல. சட்டம் கேட்காததைச் செய்வதற்குத்தானே தொண்டு என்று பெயர்?

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சாய்தளத்துக்கு அளவு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். அகலம் குறைந்தது 36 அங்குலம், இருபுறமும் கைப்பிடி, மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்ப 5 அடிச் சமதளம். கதவு திறந்தால் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் இருந்தால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரலாம். மற்றவர்கள் கால் கழுவுவது போலத்தான் அது. தரையில் அமர முடியாதவர்களுக்கு ஓரத்தில் சுவரோடு ஒதுக்கிப் போடாமல், மற்றவர்கள் நடுவிலேயே சில நாற்காலிகள். பஜனைப் பாட்டுத் தாள் பெரிய எழுத்தில் சில பிரதிகள். பிரசாதத்தில் ஒரு பங்கு மேல்தளத்திலும் வழங்கினால், அவளும் நாலு பேரோடு வரிசையில் நிற்கலாம். இவையெல்லாம் மூட்டு வலியோடு படியேறும் தாத்தா பாட்டிகளுக்கும், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் தாய்மாருக்கும் உதவும்.

இன்னொன்று பணம் செலவில்லாதது. அப்படிப்பட்ட பிள்ளையோடு பேசும்போது பெற்றோரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துப் பேசுவது. பதில் வர ஒரு நிமிஷம் ஆனால் ஒரு நிமிஷம் காத்திருப்பது. உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. பெற்றோரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரும்வரை காத்திராமல், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தன் குறை என்ன, தனக்கு எது உதவும் என்று அதன் வாயாலேயே ஆசிரியரிடம் சொல்லிப் பழக்கினால், கல்லூரி அலுவலகத்தில் அந்த ஒரு நிமிஷ மௌனம் யாரையும் வருத்தாது. பிள்ளையை விட்டு விலகுவது ஆகாது அது. பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மட்டும் மூடிக்கொள்வது. பெற்றவர்களுக்கு அதைவிடக் கடினமான விரதம் வேறு இல்லை.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் சாய்தளம் பற்றிப் பேச்சு வந்தால், இந்தக் கணக்கை மனத்தில் கொள்ளலாம். பக்கவாசலில் இரண்டு படி. படிக்கு 7 அங்குலம் என்றால் மொத்தம் 14 அங்குலம். ஆக, 14 அடி நீளத்துக்கு ஒரு மரச் சாய்தளம் போதும். பலகைக்கும் கைப்பிடிக்கும் நன்கொடை தரக் குடும்பங்கள் முன்வரும். தச்சுவேலை தெரிந்த அங்கத்தினர்களும் இருப்பார்கள். ஆனால் அளவெடுப்பதற்கு முன்னால், எந்த வாசல் தனக்குச் சௌகரியம் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கம்பு எங்கே நட வேண்டும் என்பது கயிற்றைப் பிடித்து நடப்பவருக்குத்தான் தெரியும்.